பாடம் 8: அரசனுக்கு வழியில்லை

கற்றல் நோக்கங்கள்

• முற்றுகை, இறுதி முற்றுகை, நகர வழியற்ற நிலை ஆகிய மூன்றையும் வேறுபடுத்தி அறிதல்.
• ஒரு செயல்முறையைப் படிப்படியாகத் தமிழில் விளக்கிக் கூறுதல்.
• நிபந்தனைப் பொருள் தரும் வினையெச்சங்களை அறிந்து பயன்படுத்துதல்.

நுழையும்முன்

மாணவர்களே! நீலசந்திராவின் தெருக்களில் தமிழும் கன்னடமும் உருதுவும் ஒருங்கே காதில் விழும். அறுபத்து நான்கு கட்டங்கள் கொண்ட பலகையை விரித்து வைத்தால், நாம் அதனைச் சதுரங்கம் என்போம். கன்னடம் பேசும் தோழர் 'சதுரங்க' என்பார். உருது பேசும் தோழர் 'சத்ரஞ்ச்' என்பார். பெயர்கள் வேறாயினும் ஆட்டம் ஒன்றே. ஆனால், ஆட்டம் எந்தக் கணத்தில் முடிந்தது என்பதில்தான் பெரும்பாலும் பூசல் எழுகிறது. "செக் சொன்னேன், நான் வென்றேன்" என்பார் ஒருவர். "உன் ராஜாவை வெட்டிவிட்டேன்" என்பார் இன்னொருவர். இரண்டும் சரியல்ல. ஆட்டம் எப்போது, எவ்வாறு முடிகிறது என்பதை இப்பாடத்தில் காண்போம். சதுரங்கப் பலகை ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு, காய்களை அடுக்கியபடியே படியுங்கள்.

நாற்படையின் ஆட்டம்

சதுரங்கம் என்பது வடசொல். 'சதுர்' என்றால் நான்கு. 'அங்கம்' என்றால் உறுப்பு. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையை அச்சொல் குறித்தது. இந்தியாவில் தோன்றிய இவ்விளையாட்டு பாரசீகத்துக்குச் சென்று 'சத்ரங்' ஆயிற்று. அரேபியர் நாவில் 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. பின்னர் ஐரோப்பாவை அடைந்தது. 'ஷா' என்னும் பாரசீகச் சொல்லுக்கு அரசன் என்பது பொருள். 'ஷா மாத்' என்றால், அரசன் செய்வதறியாது நிற்கிறான் என்று பொருள். நாம் அன்றாடம் கூறும் 'செக்மேட்' என்னும் சொல் இதிலிருந்தே பிறந்தது. அரசன் கொல்லப்படுவதில்லை, அவனுக்குச் செல்லும் வழி இல்லாமற் போகிறது. இந்தப் பொருளை மறவாதிருந்தால் விதியும் எளிதில் விளங்கும்.

காய்களின் பெயர்களை ஊருக்கு ஊர் மாற்றிச் சொல்வர். மூலையில் நிற்கும் காயைச் சிலர் யானை என்றும், சிலர் கோட்டை என்றும் அழைப்பர். இப்பாடத்தில் அரசன், ராணி, யானை, மந்திரி, குதிரை, காலாள் என்னும் பெயர்களைப் பயன்படுத்துவோம். யானையைக் கன்னடத்தில் 'ஆனெ' என்றும், குதிரையைக் 'குதுரெ' என்றும் கூறுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இரு மொழிகளும் உடன்பிறந்தவை என்பதற்கு இச்சொற்களும் சான்று.

கட்டங்களுக்கும் பெயர் உண்டு. வெள்ளைக் காய்களை வைத்து ஆடுபவரின் இடப்பக்கத்திலிருந்து நிரல்களை ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என எண்ணுவர். அவர் பக்கத்திலிருந்து நிரைகளை 1 முதல் 8 வரை எண்ணுவர். எனவே அவருக்கு இடக்கை ஓரத்தில், அருகில் உள்ள மூலை ஏ1. எதிர்ப்பக்கத்தில் வலக்கை மூலை எச்8.

முற்றுகையும் இறுதி முற்றுகையும்

எதிரியின் காய் ஒன்று அரசனைத் தாக்கும் நிலையில் நின்றால், அது முற்றுகை. இதனையே 'செக்' என்கிறோம். முற்றுகைக்கு உள்ளானவர் அடுத்த நகர்த்தலிலேயே அதை நீக்கியாக வேண்டும். வேறு எந்த நகர்த்தலும் செல்லாது. நீக்குவதற்கு மூன்று வழிகள் மட்டுமே உள்ளன.

1. விலகுதல்: அரசன் தாக்கப்படாத வேறொரு கட்டத்துக்குச் செல்லுதல்.
2. வெட்டுதல்: தாக்கும் காயை வெட்டி அகற்றுதல்.
3. மறைத்தல்: தாக்கும் காய்க்கும் அரசனுக்கும் இடையே தன் காய் ஒன்றை நிறுத்துதல்.

இம்மூன்றில் ஒன்றேனும் இயலுமாயின் ஆட்டம் தொடரும். மூன்றும் இயலாவிடில் அதுவே இறுதி முற்றுகை. ஆட்டம் அக்கணமே முடிகிறது. அரசனை வெட்டி எடுக்கும் வழக்கம் சதுரங்க விதியில் இல்லை. "செக்" என்று உரக்கச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வாயால் சொல்வதால் எவரும் வெல்வதில்லை; பலகையில் உள்ள நிலையே வெற்றியை முடிவு செய்கிறது.

மூன்று கேள்விகளும் ஓர் எடுத்துக்காட்டும்

இந்நிலையை உங்கள் பலகையில் அடுக்குங்கள்.

கறுப்பு: அரசன் ஜி8; காலாட்கள் எஃப்7, ஜி7, எச்7.
வெள்ளை: அரசன் ஜி1, யானை இ1.

வெள்ளை நகர்த்த வேண்டும். யானை இ1-லிருந்து நேராக இ8-க்குச் செல்கிறது. இப்போது மூன்று கேள்விகளைக் கேட்போம்.

விலக இயலுமா? எஃப்8-க்குச் சென்றால், அங்கும் யானையின் தாக்குதல் உண்டு. எச்8-க்குச் சென்றால், அதே நிரையில் யானையின் பார்வை அங்கும் எட்டும். எஃப்7, ஜி7, எச்7 ஆகிய மூன்று கட்டங்களிலும் அவனுடைய காலாட்களே நிற்கின்றனர். வெட்ட இயலுமா? இ8-ஐத் தாக்கும் கறுப்புக் காய் எதுவும் இல்லை. மறைக்க இயலுமா? இடையில் உள்ள எஃப்8-க்கு வரக்கூடிய காயும் இல்லை. ஆகவே இது இறுதி முற்றுகை.

இங்கே ஒன்றை உற்று நோக்குங்கள். அரசனைக் காப்பதற்காக முன்னே நின்ற மூன்று காலாட்களே அவனுக்குச் சிறைச்சுவர் ஆயினர். கதவில்லாத கோட்டை காவலும் ஆகும், சிறையும் ஆகும்.

இப்போது இதே நிலையில் ஒவ்வொரு மாற்றமாகச் செய்து பாருங்கள்.

• எச்7-இல் உள்ள காலாள் எச்6-இல் நின்றால், அரசன் எச்7-க்கு விலகிவிடுவான்.
• டி8-இல் கறுப்பு யானை ஒன்று நின்றால், அது இ8-இல் வந்த வெள்ளை யானையை வெட்டிவிடும்.
• டி6-இல் கறுப்பு மந்திரி நின்றால், அது சாய்வாகச் சென்று எஃப்8-இல் நின்று மறைத்துவிடும்.

ஒரு காயின் இடம் மாறினால் முடிவே மாறிவிடுகிறது. அதனால்தான் தேர்ந்த ஆட்டக்காரர், தாம் வெல்லப்போவதாக எண்ணும் வேளையிலும் மூன்று கேள்விகளையும் ஒன்றுவிடாமல் கேட்டுக்கொள்கிறார்.

கைக்கு எட்டியது

பின்வரும் உரையாடலை இருவர் வாய்விட்டுப் படியுங்கள். தம்பி வெள்ளைக் காய்களை ஆடுகிறான். அவனுடைய அரசன் எஃப்6-இலும் ராணி ஜி2-இலும் உள்ளனர். அக்காவிடம் எச்8-இல் நிற்கும் அரசன் மட்டுமே எஞ்சியுள்ளான்.

தம்பி: (ராணியை ஜி6-இல் வைத்து) செக்மேட்! நான் வென்றுவிட்டேன், அக்கா!

அக்கா: பொறு, தம்பி. உன் ராணி என் ராஜாவைத் தாக்குகிறாளா?

தம்பி: இல்லை. ஆனால் உன் ராஜா எங்கும் போக முடியாதே! ஜி8, ஜி7, எச்7 எல்லாவற்றையும் என் ராணி பார்த்துக்கொண்டிருக்கிறாளே!

அக்கா: அதுதான் செய்தி. என் ராஜாவுக்கு முற்றுகை இல்லை. நகரவும் வழி இல்லை. நகர்த்த வேறு காயும் இல்லை. இதற்கு ஸ்டேல்மேட் என்று பெயர். ஆட்டம் சமன்.

தம்பி: இது நியாயமா, அக்கா? என்னிடம் ராணி இருக்கிறாள். உன்னிடம் ஒன்றுமே இல்லை!

அக்கா: எத்தனை காய்கள் இருக்கின்றன என்று விதி கேட்பதில்லை. என் முறை வந்தபோது நான் ஆடுவதற்கு விதிப்படி ஏதேனும் இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. ராணியை இன்னும் ஒரே ஒரு கட்டம் முன்னே வைத்துப் பார்.

தம்பி: ஜி7-இலா? உன் ராஜா வெட்டிவிடுவாரே!

அக்கா: உன் ராஜா எங்கே நிற்கிறார்?

தம்பி: எஃப்6-இல்... ஓ! ராணிக்கு அவர் காவல் இருக்கிறார். அப்படியானால் உன் ராஜாவால் வெட்ட முடியாது. எச்7-க்கும் ஜி8-க்கும் போக முடியாது. இதுதான் செக்மேட்!

அக்கா: இப்போது சரியாகச் சொன்னாய். அடுத்த ஆட்டத்தில் காயைத் தொடுவதற்கு முன்பே சொல்.

ஜி6-இல் வைத்தால் சமன். ஜி7-இல் வைத்தால் வெற்றி. இடையே இருப்பது ஒரு கட்டம். போட்டிகளில் வெற்றிக்கு 1 புள்ளி, சமனுக்கு அரைப் புள்ளி வழங்கப்படும். பல மணி நேர உழைப்பின் பயனில் பாதியை ஒரே நகர்த்தலில் இழக்கலாம். மேலும், போட்டிகளில் தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது விதி. எனவே கை செல்வதற்கு முன் கண் செல்ல வேண்டும்.

தோற்கும் நிலையில் இருப்பவருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. காய்கள் அனைத்தையும் இழந்த பின்னும் அக்கா தன் நகர்த்தல்களைக் கருத்தோடு ஆடியதால்தான் சமன் செய்யும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. ஆட்டம் முடிந்துவிட்டது என்று நாமாகவே முடிவு செய்யலாகாது.

இரண்டு யானைகள் இடும் வேலி

எதிரியிடம் அரசன் மட்டுமே எஞ்சி, உங்களிடம் இரண்டு யானைகள் இருந்தால் எவ்வாறு முடிப்பது? யானைக்கு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நெடுந்தொலைவு செல்லும் ஆற்றல் உண்டு. ஒரு யானை வேலியாக நிற்க வேண்டும். மற்றொன்று விரட்ட வேண்டும். பின்பு இரண்டும் பணியை மாற்றிக்கொள்ள வேண்டும்.

வெள்ளை: அரசன் ஜி1, யானைகள் ஏ5, பி1.
கறுப்பு: அரசன் இ6.

ஏ5-இல் உள்ள யானை ஐந்தாம் நிரை முழுவதையும் காக்கிறது. கறுப்பு அரசன் கீழே இறங்க இயலாது.

முதலாவது: யானை பி1-லிருந்து பி6-க்குச் செல்கிறது, முற்றுகை. அரசன் டி7-க்கு ஏறுகிறான்.
இரண்டாவது: யானை ஏ5-லிருந்து ஏ7-க்குச் செல்கிறது, முற்றுகை. அரசன் டி8-க்கு ஏறுகிறான்.
மூன்றாவது: யானை பி6-லிருந்து பி8-க்குச் செல்கிறது; இறுதி முற்றுகை. ஏழாம் நிரையை ஏ7 யானையும் எட்டாம் நிரையை பி8 யானையும் அடைத்துவிட்டன.

இதனை ஏணி முறை எனலாம். அரசன் ஒவ்வொரு படியாக ஏறிப் பலகையின் விளிம்பை அடைந்தபின், மேலே படி இல்லை.

ஆயினும் எச்சரிக்கை தேவை. இரண்டாவது நகர்த்தலுக்குப் பின் அரசன் டி8-க்குச் செல்லாமல் சி8-க்குச் சென்றால் என்ன ஆகும்? அப்போது பி8-இல் யானையை வைத்தால் அரசன் அதை வெட்டிவிடுவான். எனவே அவசரப்படாமல், பி6 யானையை அதே நிரையில் எச்6-க்கு அனுப்ப வேண்டும். அரசன் பி8-க்கு வந்து ஏ7 யானையைத் தாக்கினால், அந்த யானையை ஜி7-க்கு அனுப்ப வேண்டும். இப்போது இரு யானைகளும் அரசனிடமிருந்து தொலைவில் உள்ளன; வேலியும் குலையவில்லை. அரசன் எங்கு நகர்ந்தாலும் அடுத்து எச்8-இல் யானை வந்து ஆட்டத்தை முடிக்கும். வெற்றிக்காக ஒரு நகர்த்தல் பொறுத்திருப்பது தயக்கம் அன்று.

தொடக்கத்திலேயே முடியும் ஆட்டம்

இறுதி முற்றுகை ஆட்டத்தின் கடைசியில்தான் வரும் என்று எண்ணாதீர்கள். புதிதாக ஆடுபவர்கள் நான்காவது நகர்த்தலிலேயே தோற்பதுண்டு.

முதலாவது: வெள்ளைக் காலாள் இ4; கறுப்புக் காலாள் இ5.
இரண்டாவது: வெள்ளை மந்திரி சி4, கறுப்புக் குதிரை சி6.
மூன்றாவது: வெள்ளை ராணி எச்5, கறுப்புக் குதிரை எஃப்6.
நான்காவது: வெள்ளை ராணி எஃப்7-இல் உள்ள காலாளை வெட்டுகிறாள்; இறுதி முற்றுகை.

கறுப்பு அரசன் ராணியை ஏன் வெட்ட இயலவில்லை? சி4-இல் நிற்கும் மந்திரி எஃப்7-ஐக் காக்கிறது. ஆட்டத்தின் தொடக்கத்தில் எஃப்7 கட்டத்துக்கு அரசனைத் தவிர வேறு காவல் இல்லை. மூன்றாவது நகர்த்தலில் கறுப்பு தன் காலாளை ஜி6-க்கு நகர்த்தியிருந்தால், ராணி செல்லும் பாதை அடைபட்டிருக்கும், ராணியும் தாக்கப்பட்டிருப்பாள். எதிரி வைத்த காயைக் கண்டதும், "இது எதற்காக இங்கு வந்தது?" என்று வினவுவதே முதற் காவல்.

காட்டாமலே முடியும் ஆட்டம்

பெரும் போட்டிகளில் இறுதி முற்றுகை வரை ஆடுவது அரிது. முடிவு தெரிந்ததும் தோற்பவர் கைகொடுத்து ஆட்டத்தைக் கைவிடுவார். 2016-ஆம் ஆண்டு நியூயார்க்கில் மாக்னஸ் கார்ல்சனும் செர்கேய் கர்யாக்கினும் உலகப் பட்டத்துக்காக மோதினர். கடைசி விரைவு ஆட்டத்தின் 50-ஆவது நகர்த்தலில் கார்ல்சன் தம் ராணியை எச்6-இல், எதிரி வெட்டுமாறு வைத்தார். அரசன் வெட்டினால் ஒரு யானை முடிக்கும். காலாள் வெட்டினால் மற்றொரு யானை முடிக்கும். கர்யாக்கின் அதைக் கண்டார். வெட்டாமலே ஆட்டத்தைக் கைவிட்டார். பலகையில் வராத இறுதி முற்றுகையை இருவரும் மனத்தில் கண்டனர்.

சென்னையைச் சேர்ந்த குகேஷ் 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்றார். பதினான்காவது ஆட்டத்துக்கு முன் இருவரும் ஆறரைப் புள்ளிகளுடன் சமமாக இருந்தனர். அந்த ஆட்டமும் சமனில் முடியும் என்றே பலரும் எண்ணினர். 55-ஆவது நகர்த்தலில் டிங் தம் யானையை எஃப்2-க்கு நகர்த்தினார். யானைகளையும் மந்திரிகளையும் வெட்டி மாற்றிக்கொண்டால், அரசர்களும் காலாட்களும் மட்டுமே எஞ்சுவர் என்பதைக் குகேஷ் கண்டுகொண்டார். அவரிடம் ஒரு காலாள் கூடுதலாக இருந்தது. அக்காலாள் எட்டாம் நிரையின் திசையில் அல்ல, கறுப்புக் காய் ஆதலால் முதல் நிரையை நோக்கிச் சென்று ராணியாகும். ராணி வந்தால் இறுதி முற்றுகை வரும். மூன்று நகர்த்தல்களில் டிங் ஆட்டத்தைக் கைவிட்டார். பதினெட்டு வயதில் குகேஷ் உலக வாகையர் ஆனார். ஒரு காலாள்தானே என்று எண்ணியிருந்தால் அந்த வெற்றி இல்லை.

தெரிந்து தெளிவோம்

• திருவாரூர் மாவட்டத்தில் நீடாமங்கலத்துக்கு அருகில் உள்ள திருப்பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோவில் உள்ளது. அரசன் மகளோடு சிவபெருமான் சதுரங்கம் ஆடி வென்றார் என்று அத்தலத்தின் வரலாறு கூறுகிறது.
• மைசூரை ஆண்ட மும்முடி கிருஷ்ணராஜ உடையார் பலகை விளையாட்டுகளில் தேர்ந்தவர். குதிரை ஒரு கட்டத்தில் இருமுறை நில்லாமல் அறுபத்து நான்கு கட்டங்களையும் சுற்றிவரும் புதிர்களை அவர் அமைத்தார்.
• விசுவநாதன் ஆனந்த் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.
• 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் 2022-இல் மாமல்லபுரத்தில் நடைபெற்றது. வேட்டி அணிந்த குதிரையான அதன் சின்னத்துக்குத் 'தம்பி' என்று பெயர்.

சொல்லும் பொருளும்

முற்றுகை – சூழ்ந்து தாக்குதல்
நிரை – கிடையாக அமைந்த வரிசை
நிரல் – மேலிருந்து கீழாக அமைந்த வரிசை
காலாள் – நடந்து சென்று போரிடும் வீரன்
சமன் – வெற்றி தோல்வியற்ற நிலை
வாகையர் – வெற்றி பெற்றவர்

கற்கண்டு: நிபந்தனை வினையெச்சம்

ஒரு செயல் நடந்தால்தான் மற்றொன்று நடக்கும் என்னும் பொருளைத் தருவது நிபந்தனை வினையெச்சம். இது 'ஆல்' என்று முடியும்.

நகர்ந்து + ஆல் = நகர்ந்தால்: அரசன் நகர்ந்தால் தப்பிப்பான்.
வெட்டின் + ஆல் = வெட்டினால்: மந்திரி வெட்டினால் முற்றுகை நீங்கும்.

இதன் எதிர்மறை 'ஆவிட்டால்' அல்லது 'ஆவிடில்' என்று முடியும்: நகராவிட்டால், வெட்டாவிடில்.

மதிப்பீடு

அ. சரியா, தவறா எனக் கூறிக் காரணம் எழுதுக.
1. முற்றுகை இட்டதும் ஆட்டம் முடிந்துவிடும்.
2. குதிரை தரும் முற்றுகையை இடையில் காய் வைத்து மறைக்கலாம்.
3. காய்கள் மிகுதியாக உள்ளவரே எப்போதும் வெல்வார்.

ஆ. பலகையில் அடுக்கி விடை காண்க.
1. கறுப்பு: அரசன் எச்8; காலாட்கள் ஜி7, எச்7. வெள்ளை: அரசன் ஜி1; யானை டி1. ஒரே நகர்த்தலில் ஆட்டத்தை முடிக்கவும்.
2. கறுப்பு: அரசன் எச்8, யானை ஜி8, காலாட்கள் ஜி7, எச்7. வெள்ளை: அரசன் ஜி1, குதிரை இ5. குதிரை எங்குச் சென்றால் இறுதி முற்றுகை ஆகும்? அரசனின் வழியை அடைத்தவர் யார்?
3. கறுப்பு: அரசன் ஏ8 மட்டும். வெள்ளை: அரசன் சி6, ராணி பி6. கறுப்பு நகர்த்த வேண்டும். இது வெற்றியா, சமனா? மூன்று கேள்விகளைக் கேட்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி எது?

இ. அடைப்பில் உள்ள வினையை நிபந்தனை வினையெச்சமாக மாற்றி எழுதுக.
1. ராணி ஜி7-இல் (வை), ஆட்டம் முடியும்.
2. மந்திரி (காவாமை), அரசன் ராணியை வெட்டியிருப்பான்.

ஈ. கற்பவை கற்றபின்
உங்கள் வீட்டில் பாட்டி, தாத்தா, அம்மா, அப்பா, அத்தை, மாமா ஆகியோரில் சதுரங்கம் தெரியாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். இறுதி முற்றுகை என்றால் என்ன என்பதை அவருக்குத் தமிழிலேயே விளக்குங்கள். அவர் கேட்ட கேள்விகளையும் நீங்கள் கூறிய விடைகளையும் பத்து வரிகளில் உரையாடலாக எழுதி வருக.